போகமும் உபபோகமும்

(சந்தவாசலில் ஸ்ரீ மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமந்தபத்திராசாரியார் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாகப் போகோபபோக பரிமாணத்தை வைக்கின்றன. ஒருமுறை துய்த்து விடப்படுவது போகம். உணவும் மலரும் அத்தகையன. மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது உபபோகம். ஆடையும் அணியும் அத்தகையன. இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வதே விரதம்.

இக்காலம் உபபோகப் பொருள்களையெல்லாம் போகமாக்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய குவளையும் தட்டும் பையும் ஒருவேளைப் பயனுக்குப் பின் எறியப்படுகின்றன. வாடிய மலர் மண்ணாகிறது, நெகிழி மண்ணாவதில்லை.

எறிந்த பொருள் எங்கே செல்கிறது? சென்னையில் பறவைகள் வாழும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியே பெருங்குடிக் குப்பைமேடாயிற்று. 2022 ஏப்ரல் 27 அன்று அதில் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தது. அதே காட்சி ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் சிறிய அளவில் நிகழ்கிறது. உணவு மிச்சத்தை உள்ளே வைத்து முடிச்சிட்டு எறிந்த பையைப் பசு பையோடு விழுங்குகிறது. வயிற்றில் திரண்ட நெகிழி வெளியேறுவதில்லை; பசு நாளடைவில் மெலிந்து மடிகிறது. கதிரவன் மறையுமுன் உண்டு, நீரை வடித்துப் பருகும் இல்லத்திலிருந்து சென்ற பை அதுவாயின், அவ்வுயிர்க்கேட்டின் வினை யாரைச் சேரும்?

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் ஆதான நிக்ஷேபண சமிதி எடுத்தலிலும் வைத்தலிலும் விழிப்பைக் கூறும். உத்சர்க்க சமிதி கழித்தலில் விழிப்பைக் கூறும். ஆகவே கழிப்பதும் ஒழுக்கத்துள் அடங்கும். முனிவர் கைப்பிஞ்சி மயில் தானே உதிர்த்த பீலியால் ஆயது. நீர் வடித்த துணியில் தங்கிய சிற்றுயிர்களை அதே நீர்நிலையில் மீண்டும் விடுவது சாவகர் மரபு. எங்கிருந்து வந்ததோ அங்கே சேர்ப்பித்தல் என்னும் நெறி சமண இல்லங்களுக்குப் புதிதன்று.

ஆரணிப் பட்டுத்தறிகளும் இதனையே கற்பிக்கின்றன. பாவு தீரும்போது நெசவாளர் அதன் இறுதி இழைகளை அறுத்தெறிவதில்லை. புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு திரித்து இணைக்கிறார். அசல் வெள்ளிச் சரிகைப் புடவை நைந்த பின்னும் விலைபெறுகிறது. உருக்கிய வெள்ளி மீண்டும் புழக்கத்திற்கு வருகிறது. நெகிழிச் சரிகைக்கு அந்த மறுவாழ்வு இல்லை. எனவே ஒரு பொருளின் முடிவை, அதனை வாங்கும்போதே எண்ண வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள தீங்கு தரும் கழிவு என மூன்றாகப் பிரித்தளிக்க 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. உடைந்த கண்ணாடியும் ஊசியும் உணவோடு கலந்தால் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். பிரித்துக் கொடுத்தல் அவருக்குச் செய்யும் அகிம்சை.

காய்த்தோல் மாட்டுத் தொட்டிக்கும், சாணமும் சருகும் எருக்குழிக்கும், தாளும் உலோகமும் பழைய பொருள் வாங்குவோர்க்கும் செல்லட்டும். பழம்புடவை குழந்தைக்குத் தூளியாகட்டும். குப்பையைத் தீயிடுதல் மட்டும் வேண்டா. குவியலில் வாழும் எண்ணற்ற சிற்றுயிர்கள் அதில் மாயும்.

இவ்விரதத்தைத் தொடங்க இன்றைய அன்னதானப் பந்தியே தக்க இடம். இலையில் உண்டு, எவர்சில்வர் குவளையில் பருகி, அக்குவளையைக் கழுவி அடுத்தவர்க்கு அளிக்கும் கை, உபபோகத்தை மீண்டும் உபபோகமாக்கும் கை.

ஜெய் ஜினேந்திரா!