அரசும் சமயமும் மலையக மக்களும்

(ஹட்டன் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு மக்களினத்தை உருவாக்குவது அரசா, சமயமா, பண்பாடா என்று அறிஞர் வாதிடுவர். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிந்த பின்னும் யூதர் மறைநூலைப் பற்றி ஓரினமாய் நின்றதை எடுத்துக் காட்டுவர். நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இம்மலைகளே போதும்.

உறுதி காட்ட இயலாத காடும் சேனையும் முடிக்குரியவை என்றது 1840ஆம் ஆண்டுச் சட்டம். கண்டிக் கிராமத்தான் நிலமிழந்தான். அந்நிலத்தில் கோப்பியும், அது நோயுற்று அழிந்தபின் தேயிலையும் வளர்க்க, தென்னாட்டிலிருந்து நம் முன்னோர் கொணரப்பட்டனர். சிங்கள உழவனையும் தமிழ்த் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தியது ஒரே அரசுதான். இதை நாம் மறத்தலாகாது.

பல ஊர்களிலிருந்து வந்து லயத்துக் காம்பராக்களில் ஒடுங்கியோரை ஒரு மக்களாக்கியவை மாரியம்மன் திருவிழாவும், மாசிக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையுமே. துரைமாரும் திருவிழாவுக்கு இடந்தந்தனர், பக்தியினால் அன்று!

ஆயினும் கூத்து வாக்குரிமையைக் காக்கவில்லை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இங்குப் பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. கொழுந்து பறித்தவளிடம் ஏது பத்திரம்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டிய கோடக்கன் பிள்ளை, ஓரினத்தாரை மட்டும் பாதிக்கும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுக்கிறது என்று வழக்காடினார். 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், தன் குடிகள் யாவர் எனத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் உரிமை என்று கூறித் தள்ளிவிட்டது. சட்டத்தின் வாசகத்தில் நம் பெயர் இல்லை. அடியோ நம்மீதே விழுந்தது. சட்டம் பயின்ற எனக்கு இன்றும் அத்தீர்ப்பு உடன்பாடன்று.

1964இல் இரு பிரதமர்கள் கூடி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என ஒப்பமிட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். நம்மை எவரும் கேட்கவில்லை.

நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. எனினும் லயத்திற் பிறந்து லயத்தில் முதிர்ந்தோர் பலர் கையில் இன்றும் காணி உறுதி இல்லை. 1840இல் கிராமத்தானிடம் இல்லாத அதே காகிதம்! உறுதியின் அருமையை உழவர்களுக்கு நான் உரைக்க வேண்டுமா? தோட்டந்தோறும் குடும்பப் பட்டியல் எழுதுவோம். பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வையுங்கள். மனு வரைய என்னுடன் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வரவேண்டும்.