பழவேற்காட்டுக்கு எத்தனை முறை வந்தீர்கள்?

(கணித ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிகழ்வெண் பாடத்தில் வழக்கமாக மதிப்பெண்களையும் மாணவர்களின் உயரத்தையும் கொடுத்து அட்டவணை போடச் சொல்கிறோம். பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளிகளில் இதைவிட நல்ல கணக்கு வாசலிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும் சுற்றுலாப் பயணிகளிடம், “கடந்த ஓராண்டில் இங்கே எத்தனை முறை வந்தீர்கள்?” என்று மாணவர்கள் கேட்கட்டும்.

அதற்கு முன், விடையைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை என்று மீனவர் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். பூநாரை ஆழமில்லாத தண்ணீரில் நின்று இரை தேடும் பறவை. தண்ணீர் மிகுந்தாலும் வற்றினாலும் இடம் மாறிவிடும். ஏரி நிறைவதற்கு வடகிழக்குப் பருவமழை வேண்டும். முகத்துவாரமும் திறந்திருக்க வேண்டும். மணல் மேடிட்டு அது அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, மீனும் இறாலும் குறையும். அப்பாவின் வலையில் விழும் மீனும், பூநாரை பார்க்க வந்தவர் அடுத்த ஆண்டும் வருவாரா என்பதும் ஒரே முகத்துவாரத்தைப் பொறுத்தவை. இதை அந்தப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையின் எச்சங்களும் டச்சுக் கல்லறைத் தோட்டமும் எந்த மாதமும் அங்கேதான் இருக்கும். ஆனால், ஒருமுறை பார்த்தவர் அவற்றுக்காகவே மறுபடி வருவது குறைவு என்றே நினைக்கிறேன். பிள்ளைகளின் கணக்கு என்னை மறுத்தால் மகிழ்ச்சி!

தொலைவும் செலவும் தெரிந்தவை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ.; பொன்னேரி வரை ரயில், பிறகு பேருந்து.

இன்னொன்றைக் கவனமாகப் பேச வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. உங்கள் வகுப்பிலேயே படகுக்காரர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். தடை சரியா என்று அங்கே பட்டிமன்றம் வேண்டாம். வினாத்தாளில் “படகுச் சவாரி” என்று ஒரு வரி இருந்தால் போதும்.

இனி, கணக்கில் உள்ள பொறி. ஓர் ஊரில் 13 பேர் என்று வையுங்கள். 12 பேர் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறார்கள். ஒருவர் மட்டும் மாதம் ஒரு முறை. மொத்தம் 24 வருகைகள். உண்மையான சராசரி 2-ஐக்கூட எட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு வருகையின்போதும் கரையில் நின்று கேட்டால், அந்த ஒருவர் பன்னிரண்டு முறையும் “பன்னிரண்டு” என்பார். கூட்டுத்தொகை 156, சராசரி 6.5! அடிக்கடி வருபவரே அடிக்கடி நம் கண்ணில் படுகிறார். ஒருமுறையும் வராதவர் அட்டவணையிலேயே இல்லை.

ஆகவே, அதே வினாத்தாளைப் பொன்னேரி ரயில் நிலையத்திலும், அக்கம்பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டத்திலும் கொடுங்கள். வராதவர்களிடம் “ஏன் வரவில்லை?” என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். பேருந்தா, கழிப்பறையா, படகைப் பற்றிய பயமா என்பது அங்கேதான் தெரியும். பெயர் எழுத வேண்டாம். கரையில் கேட்கும் நாளில் ஆசிரியர் ஒருவர் உடன் நிற்கட்டும். மாணவர் எவரும் படகில் ஏறக் கூடாது.