செங்கம் கணவாய்ப் போரும் பிடில் வாத்தியமும்

(மொரப்பூரில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் ஆண்டு விழா இசையரங்கைப் பற்றிப் பேச்செழுந்தபோது, முதியவர் ஒருவர் பிடில் வேண்டாமென்றார். நம்மை அடிமை கொண்டவனுடைய வாத்தியத்தை நம் பந்தலில் ஏற்றுவானேன் என்பது அவர் வாதம். அவர் சினம் நியாயமற்றதன்று. ஆயினும் அவ்வாத்தியம் நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றில் நம் பக்கத்துப் பாதைக்கும் ஒரு பங்குண்டு. அதனைக் கூறவே எழுந்தேன்.

இங்கிருந்து அரூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை கடந்து சென்றால் செங்கம் கணவாயை அடையலாம். 1780ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஐதர் அலியின் பெரும்படை அக்கணவாய் வழியே ஆர்க்காட்டுச் சமவெளியிற் புகுந்தது. நம் பாராமகால் நாடு அக்காலத்தில் மைசூராரிடம் இருந்தது. பகை கும்பினியார்மீது, அழிந்தவரோ உழுதுண்டு வாழ்ந்த குடிகள். செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரில் பெய்லி என்னும் தளபதியின் சேனை முறியடிக்கப்பட்டது. அவ்வெற்றியைச் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு சுல்தான் ஓவியமாக எழுதுவித்தான். இன்றும் அதனைக் காணலாம்.

வென்றவனுக்குச் சுவர் இருந்தது. ஓடியவர்களுக்கு என்ன இருந்தது?

1781இல் போர் காவிரி நாட்டை எட்டியது. ஊர்கள் சூறையாடப்பட்டன, வயல்கள் தரிசாயின. முன்னமே காஞ்சியினின்று பெயர்ந்து திருவாரூரில் எழுந்தருளியிருந்த பங்காரு காமாட்சி திருவுருவத்தை, அருச்சகர் குடும்பத்தார் தஞ்சைக்குக் கொண்டு சென்றனர். 1762இல் பிறந்த சியாமா சாத்திரியார் அக்குடும்பத்து இளைஞர். ஊர்விட்டு ஊர் வந்த அத்தெய்வத்தின் சந்நிதியையே பற்றி நின்று அவர் பாடினார்.

போர்களால் அரசர் பொக்கிஷங்கள் வற்றின. செல்வம் சென்னைத் துபாஷிகள் வீட்டில் நிறைந்தது. கலைஞரும் வயிறுடையார் அல்லரோ! திருவாரூர் இராமசாமி தீட்சிதர் தம் மக்களுடன் மணலி முதலியாரின் ஆதரவை நாடிச் சென்றார். அம்முதலியார் குடும்பம் கும்பினியாரிடம் துபாஷித் தொழில் புரிந்தது. அவ்வழியே தீட்சிதர் மக்கள் கோட்டையில் வெள்ளையர் பட்டாள வாத்தியத்தைக் கேட்டனர். முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். ஆங்கில மன்னரை வாழ்த்தும் மெட்டிலேயே அம்பிகையை வாழ்த்தினார் என்றால், அந்தத் துணிவை என்னென்பது! இளையவர் பாலுசாமி, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்று, அதனை நம் இராகங்களுக்கு இயைய வாசித்தார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவானாய் விளங்கினார். (1799இல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியார் பக்கம் நின்ற பாளையம் அது. கலையின் வழிகள் நேரானவை அல்ல.) தஞ்சை வடிவேலுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். அதற்குள் அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

ஆகலின் ஐயா, அவன் கொடுத்து நாம் வாங்கியதன்று அக்கருவி. அவன் கோட்டை வாயிலில் நின்று நம்மவர் செவியாற் கவர்ந்தது. பந்தலில் அது இருக்கட்டும்.

என் குறை வேறு. வித்துவான்கள் பாடியவை சீடர் வழியாகவும் ஏடுகள் வழியாகவும் நின்றன. அப்படை நடந்த இப்பாதையோரத்து மக்களின் ஒப்பாரியையும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் நாம் எழுதி வைத்தோமா? நம் பாட்டிமார் பாடுகின்றனர். பேரப்பிள்ளைகளோ எழுந்து போய்விடுகின்றனர். ஒவ்வொரு சாவிலும் சில பாட்டுகள் கூடவே சுடுகாட்டுக்குப் போகின்றன.

விழாவில் பிடில் கச்சேரிக்கு முன் அரைமணி நேரம் அவர்களுக்கு ஒதுக்குமாறு செயலாளரை வேண்டுகிறேன். எழுதிக்கொள்ள என் வகுப்பு மாணவர் நால்வரைக் காகிதத்தோடு அழைத்து வருவேன். விழாவுக்கு இன்னும் இரண்டு திங்கள் உள்ளன.