களவுபோன ஜீப்பும் திருடனின் பங்காளிகளும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



 

நமது கிராம மருத்துவ ஊழியத்திற்கான ஜீப் களவுபோன செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சாவிகள் இரண்டும் எங்களிடமே இருந்தன. ஆனாலும் விடியும்போது வண்டி இல்லை. "பூட்டிய வண்டியை எப்படிக் கொண்டுபோனார்கள்?" என்று அநேகர் கேட்டீர்கள். காவல்துறையினரிடமும் மெக்கானிக்குகளிடமும் நாங்கள் கேட்டறிந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வண்டித் திருட்டு பெரும்பாலும் ஒரே ஆள் செய்கிற வேலை அல்ல. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து வைப்பவன் ஒருவன். பூட்டைத் திறப்பவன் ஒருவன். ஓட்டிச் செல்பவன் வேறொருவன். வாங்குகிற ஆளை முன்னமே பேசி வைத்திருப்பவன் இன்னொருவன். பழைய ஜீப்புகளில் இம்மொபிலைசர் என்னும் மின்னணுப் பூட்டு கிடையாது. கதவும் ஸ்டியரிங் பூட்டும் உடைந்தால், சாவி இல்லாமலே இன்ஜினை இயக்கிவிடுகிறார்கள்.

புதிய கார் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். சாவியைப் பையில் வைத்துக்கொண்டே கதவு திறக்கும் கார்கள் இப்போது பல இருக்கின்றன. இருவர் வருகிறார்கள். ஒருவன் வீட்டு வாசலருகே நின்று, உள்ளே மேசைமேல் இருக்கும் சாவியின் சமிக்ஞையை ஒரு கருவியால் பிடித்து அனுப்புகிறான். மற்றவன் காரின் பக்கத்தில் நிற்கிறான். சாவி அருகில் இருப்பதாக எண்ணிக் கார் திறந்துகொள்கிறது. அப்படிப்பட்ட சாவியை இரவில் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வாசலுக்குத் தூரமாக வையுங்கள். எந்தக் காரானாலும் ஸ்டியரிங்கில் ஒரு இரும்புப் பூட்டு போட்டால், திருடனுக்கு நேரம் பிடிக்கும். அவன் அஞ்சுவது அந்த நேரத்திற்குத்தான்.

எடுத்த வண்டியை உடனே தூரத்திற்குக் கொண்டுபோவதில்லை. இருப்பிடம் காட்டும் கருவி ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று அறிய, ஓரிரு நாள் வேறொரு தெருவிலோ வாகன நிறுத்துமிடத்திலோ விட்டுவைத்துக் கவனிக்கிறார்கள். ஆகவே வண்டி காணாமற்போனால் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். 112க்குத் தெரிவியுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தவறாமல் வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் எழுதிக் கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு. நான்கு ஆண்டு முடிந்து ஐந்துக்கு உட்பட்ட வண்டிக்கு 50 சதவீதம் கழிக்கப்படுகிறது.

அதன்பின் வண்டிக்கு இரண்டு வழிகள். ஒன்று, அதைப் பிரித்துவிடுவது. இன்ஜின், கியர்பாக்ஸ், டயர், கதவு எல்லாம் தனித்தனியே விலைபோகும். உத்தரப் பிரதேசம் மீரட் நகரிலுள்ள சோட்டிகஞ்ச் சந்தை இதற்குப் பல ஆண்டுகள் பேர்போனதாயிருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் காவல்துறை அங்கே கடைகளை மூடவைத்தது. மற்றொன்று, விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியைப் பத்திரங்களோடு மலிவாக வாங்கி, திருடிய வண்டியின் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துவிட்டு, நொறுங்கிய வண்டியின் எண்ணைப் பொறிப்பது. பத்திரம் அசல், வண்டி திருட்டு. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானது இந்த மோசடியைக் கடினமாக்கத்தான்.

அன்பானவர்களே, இங்கேதான் நம்முடைய பங்கு வருகிறது. வாங்குகிற கை இல்லாவிட்டால் திருடுகிற கைக்கு வேலை இல்லை. பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் கியர்பாக்ஸைப் பார்த்து "நமக்கு லாபம்தானே" என்று சொல்லுகிறவர்கள் சபைக்குள்ளும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குகிறவருக்கும் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. சட்டம் இருக்கட்டும், திருடனோடு பங்கு போடுகிறவன் தன் ஆத்துமாவுக்கே சத்துரு என்று நீதிமொழிகள் 29ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

அந்த மலிவு விலையின் மீதியை யார் கொடுக்கிறார்கள் என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். வண்டி போன மறுவாரம் எங்கள் செவிலியர் இருவர் மருந்துப் பைகளைச் சுமந்து பஸ்ஸில் போனார்கள். பஸ் போகாத மலையடிவாரக் கிராமத்திற்குக் கடைசி நான்கு கிலோமீட்டரும் நடைதான். அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் முகமும் காலும் வீங்கிப் படுத்திருந்தார். இரத்த அழுத்தம் அபாயமாக ஏறியிருந்தது. "வண்டி வரும் வரும்னு ரெண்டு நாளா பார்த்துக்கிட்டே இருந்தோம், சிஸ்டரம்மா" என்றார் அவருடைய மாமியார். பால் வேனை நிறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். தேவ கிருபையால் தாயும், குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தையும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்னவாயிருக்கும் என்று எங்கள் மருத்துவர்கள் சொன்னதை இங்கே சொல்ல விரும்பவில்லை.

இப்போது வாடகை வண்டியில் வாரம் ஒரு நாள் மட்டும் போய்வருகிறோம். முன்பு மூன்று நாள் போனோம். வேறு வண்டி வாங்க உங்கள் உதவியைத் தாழ்மையுடன் நாடுகிறோம். பழைய வண்டி கொடுப்பதானாலும் பத்திரங்களோடும் சேஸிஸ் எண் சரிபார்த்தும் கொடுங்கள். நாங்களும் அப்படித்தான் வாங்குவோம்.

உங்கள் குடும்ப ஜெபத்தில் இம்மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியில்லாமல் காத்திருக்கும் கிராமத்து நோயாளிகளுக்காக. எங்கள் ஓட்டுநர் சகோதரருக்காக. அந்த நாள் முதல் அவருக்கு இரவில் தூக்கம் இல்லை. ஜீப்பைக் கொண்டுபோனவர்களுக்காகவும். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்த சகேயுவின் வீட்டிற்கு ஆண்டவர் போனார். இவர்கள் வீட்டிற்கும் அவர் போவாராக.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.