கம்பியில்லா இணையமும் நமது காவலும்

(தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த கடற்கரை வட்டாரத்தில் நடைபெற்ற பஞ்சாயத்துப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உரத்தைப் பற்றியதன்று; விதையைப் பற்றியதும் அன்று. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் பற்றியது. நாம் அமர்ந்திருக்கும் இந்த மண்டபத்தில் நம் தலைக்கு மேலும், சுவருக்கு உள்ளும் புறமும், இக்கணம் எத்தனையோ செய்திகள் அலைகளாய்ப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று உங்கள் வங்கிக் கணக்கைப் பற்றியதாக இருக்கலாம்; மற்றொன்று பஞ்சாயத்தின் கணக்காக இருக்கலாம். வைஃபை என்று நாம் யாவரும் சொல்லிப் பழகிவிட்ட கம்பியில்லா இணையத்தை அபாயமின்றி உபயோகிப்பது எவ்வாறு என்பதே என் பேச்சின் பொருள்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இது முற்றிலும் புதிய சங்கதி என்று நான் கருதவில்லை. விசைப்படகுகளில் வி.எச்.எப். கருவி இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் சுற்றுவட்டத்திலுள்ள கப்பலும் கேட்கும், படகும் கேட்கும், கரையும் கேட்கும். அதுதான் அதன் பெருமை. ஆனால் நல்ல பாடு கிடைத்த இடத்தை அதே கருவியில் வெளிப்படையாகச் சொல்லும் படகோட்டி எவரேனும் உண்டா? தம் ஆட்களுக்கு மட்டும் விளங்கும் குறிப்பால்தான் சொல்வார். காற்றில் விட்ட பேச்சு எல்லார் காதுக்கும் பொது என்பதைப் படிப்பறிவில்லாத முதியவரும் இங்கே அறிந்து வைத்திருக்கிறார். நான் சொல்ல வந்ததும் அதுவே. கம்பியில்லாச் செய்திக்குச் சுவர் கிடையாது. ஆகையால் பூட்டைச் சுவரில் போடுவதில் பயனில்லை. செய்தியிலேயே போட வேண்டும்.

இவ்வுண்மையை உலகம் முதன்முதலில் கற்றுக்கொண்ட கதை சுவையானது. 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இலண்டன் மாநகரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகத்தில், பிளெமிங் என்ற பேராசிரியர் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைச் செய்து காட்ட ஏற்பாடு செய்திருந்தார். நெடுந்தொலைவிலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்புவார். தம்முடைய கருவியில் வரும் செய்தியிலே பிறர் தலையிட முடியாது என்பது மார்க்கோனியின் வாதம். ஆனால் குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே அக்கருவி தானாகத் தட்டத் தொடங்கிற்று. நெவில் மாஸ்கலின் என்னும் செப்படி வித்தைக்காரர் அருகிலிருந்து தம் கருவியால் கேலிச் சொற்களை அனுப்பிக்கொண்டிருந்தார்! பேராசிரியர் கடுங்கோபம் கொண்டு பத்திரிகைக்கு எழுதினார். மாஸ்கலினோ, குறையை வெளிப்படுத்துவதே தம் நோக்கம் என்று விடையிறுத்தார். அன்று எழுந்த அந்த வழக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை என்றே சொல்லலாம்.

இனி நம் அலுவலகத்து ரூட்டர் பெட்டிக்கு வருவோம். தமிழ்நாட்டின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பொருட்டு பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. இழை வந்து சேர்ந்த இடத்தில் ஒரு பெட்டியை வைத்தால், அது அலையாக மாறி வீட்டுக்குள் ஏறக்குறைய 100 அல்லது 150 அடி வரை பரவும். வெட்டவெளியில் அதற்கு அப்பாலும் செல்லும். பஞ்சாயத்து அலுவலகத்தின் மதில் எங்கே முடிகிறதோ அங்கே அலையும் முடியும் என்று யாரும் எண்ண வேண்டாம். தெருவில் நிற்கும் வேனுக்குள்ளும், எதிர்த்த தேநீர்க் கடைப் பெஞ்சியிலும் அது கிடைக்கும்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இணையம் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது. மாதக் கணக்கை ஏற்ற முடியவில்லை. வேகம் போதவில்லை என்று மேலிடத்துக்கு இருமுறை கடிதம் எழுதினேன். பின்னர் ஓர் இளம் உதவியாளர் பெட்டியின் உட்பக்கத்தைத் திறந்து பார்த்தார்; எங்கள் இணைப்பில் 23 கருவிகள் இருந்தன. அலுவலகத்தில் இருந்தவையோ ஆறுதான்! ஆலையிலிருந்து வந்தபடியே பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் கிடந்தன. இரண்டுமே ‘அட்மின்’ என்பது. தெருப் பிள்ளைகள் சினிமாப் பார்த்ததோடு போயிற்று என்று அன்று சிரித்தோம்.

ஆனால் சிரித்துத் தள்ளக் கூடியதன்று இது. 2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று காவல்துறையினர் தேடிச் சென்றபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றார்கள். அவருடைய கம்பியில்லா இணைப்பை எவரோ பயன்படுத்தியிருந்தனர். அவருக்கு அக்குற்றத்தில் தொடர்பில்லை என்பது பின்னால் தெளிவாயிற்று. எனினும் அதற்குள் அவர் விசாரணைக்கு உட்பட்டார், அவருடைய கணிப்பொறிகள் சோதனைக்குப் போயின. இதையடுத்து 2009-இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பூட்டி வைக்க வேண்டுமென்றும், உபயோகிப்பவர் இன்னார் என்று தெரிய வேண்டுமென்றும் வழிமுறைகள் வகுத்தது. தனி மனிதர் ஒருவருக்கே இப்பாடு என்றால், பஞ்சாயத்தின் பெயரில் உள்ள இணைப்பைத் திறந்து போட்டுவிட்டு, நாளைக்குக் காவல் அதிகாரி வந்து கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவதாக, பெட்டியோடு வந்த கடவுச்சொற்களை மாற்றுங்கள். கவனியுங்கள், இவை இரண்டு. வைஃபையில் சேர்வதற்கு ஒன்று. பெட்டியின் அமைப்புகளையே திருத்துவதற்கு மற்றொன்று. பலர் முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதை மறந்துவிடுகின்றனர். வாசற்கதவைப் பூட்டிச் சாவிக்கொத்தைத் திண்ணையில் வைப்பது போன்றது அது. ஊர்ப் பெயரும் 123-உம் சேர்த்த கடவுச்சொல் எந்த ஊரிலும் முதல் முயற்சியிலேயே கண்டுபிடிக்கப்படும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். சேவல், உப்பு, வண்டி, மார்கழி என்பது போல. இதையே வைத்துவிடாதீர்கள்; நான் மேடையில் சொல்லிவிட்டேன்!

அடுத்து, பூட்டின் வகை. பெட்டியின் அமைப்பில் டபிள்யூ.இ.பி., டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 என்று பெயர்கள் காணப்படும். இவற்றுள் முதலாவது பழம்பூட்டு; 2001-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர்கள் அதை உடைத்துக் காட்டிவிட்டனர். இரண்டாவதாவது வேண்டும், 2018-இல் வந்த மூன்றாவது இருந்தால் மேலும் நன்று. இரண்டாவதிலும் ஒரு விரிசல் உண்டென்று 2017 அக்டோபரில் பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப் வெளியிட்டார். கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் திருத்தம் வழங்கி அதை அடைத்தார்கள். கைப்பேசி ‘அப்டேட்’ கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்று தள்ளிவிடுகிறோமே, அதற்குள் இத்தகைய அடைப்புகள்தாம் இருக்கின்றன.

கிராம மக்களுக்கு வைஃபை கொடுக்கவே கூடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். நம் வீடுகளில் வழிப்போக்கர்க்குத் திண்ணை உண்டு. பணப்பெட்டி இருக்கும் உள்ளறைக்கு அவரை அழைப்பதில்லை. பெரும்பாலான ரூட்டர்களில் ‘கெஸ்ட்’ என்னும் விருந்தினர் இணைப்பு தனியே உண்டு. மனுக் கொடுக்க வந்தோர்க்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுங்கள். கணக்கு எழுதும் கணிப்பொறியும், பணம் வழங்க மின்கையொப்பம் இடும் கணிப்பொறியும் உள்ளறையில் இருக்கட்டும். அவற்றை இயன்றவரை கம்பியாலேயே இணையுங்கள் என்பது என் சொந்தக் கருத்து. கம்பி பழைய காலத்து வழிதான். ஆனால் தெருவுக்குக் கேட்காது.

கடை வைத்திருப்போர் வைஃபை விற்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. 2020 டிசம்பரில் மத்திய அரசு அங்கீகரித்த பி.எம்.-வாணி திட்டத்தின்கீழ்ப் பெட்டிக்கடைக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் லைசென்ஸ் கட்டணமின்றிப் பொது இணைய நிலையம் நடத்தலாம். துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் காத்திருக்கும் இடங்களில் இது நல்ல பயன் தரக்கூடியது. இதில் உபயோகிப்பவர் இன்னார் என்பது முறைப்படி பதிவாவதால், கடைக்காரர் தலையில் பழி விழாது. கடையின் சொந்த இணைப்புக் கடவுச்சொல்லை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டும் வழக்கத்தைவிட இது மேலானது. ஊரறிந்த சாவி சாவியாகாது அல்லவா?

இனி, வெளியூர் செல்லும்போது என்ன செய்வது? இவ்விடத்தில் என் மடமையையும் சொல்லிவிடுவது நியாயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் இரவு வண்டிக்குக் காத்திருந்தேன். அந்நிலையத்தின் பெயரிலேயே ‘இலவச வைஃபை’ என்று கைப்பேசியில் தோன்றிற்று. சேர்ந்தேன். ஒரு பக்கம் திறந்தது. சரிபார்ப்பதற்காக ஒரு ரூபாய் செலுத்துமாறு கேட்டது. வங்கி அட்டையின் எண்ணைக் கொடுத்தேன், வந்த ஓ.டி.பி.யையும் படித்துப் பாராமல் கொடுத்தேன். வண்டி ஏறி அமர்ந்தபின் பார்த்தால் 9,400 ரூபாய் போயிருந்தது. ஓ.டி.பி. வந்த அதே குறுஞ்செய்தியில் தொகை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. பட்டம் பெற்றவன், ஊருக்கு உபதேசம் செய்கிறவன். என் மனைவியிடம் சொல்லவே இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பெயரைப் பேருந்து நிலையத்தார் வைத்திருக்கவே இல்லை. எந்தக் கைப்பேசியும் எந்தப் பெயரிலும் வைஃபை பரப்ப முடியும். பெயர்ப்பலகையைக் கண்டு நான் கடையென்று நம்பினேன்.

இதனால் பொது வைஃபையைத் தீண்டவே கூடாது என்று சொல்லமாட்டேன். பத்தாண்டுகளுக்கு முன்பு அப்படிச் சொல்வது பொருந்தியிருக்கும். இக்காலத்தில் வங்கிச் செயலிகளும் பெரும்பாலான இணையதளங்களும் தத்தம் செய்தியைத் தாமே பூட்டி அனுப்புகின்றன. முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்றிருந்தால் நடுவில் உள்ளவர் ஒட்டுக்கேட்பது எளிதன்று. ஆகவே ரயில் நிலையத்தில் செய்தி படிப்பதற்கும், காற்று வேகமும் அலை உயரமும் பார்ப்பதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டுக்கேட்பவனைக் காட்டிலும், போலிப் பக்கத்தைக் காட்டி நம் வாயாலேயே ரகசியத்தைச் சொல்ல வைப்பவனே இப்போது பெரிய பகைவன். பணம் சம்பந்தப்பட்ட காரியம் எதுவாயினும் வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் சிம் கார்டின் இணையத்தில் செய்யுங்கள். முன்பு சேர்ந்த திறந்த இணைப்புகளைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொண்டு, அதே பெயர் தென்பட்டால் நம்மைக் கேளாமலே சேர்ந்துவிடும். அப்பட்டியலைத் திறந்து, வேண்டாதவற்றை மறக்கச் செய்யுங்கள்.

கேமரா வைத்திருக்கும் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சொல். 2016 அக்டோபரில் மிராய் என்னும் தீய நிரல், ஆலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்பு கேமராக்களையும் அதையொத்த கருவிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே பல மணி நேரம் முடக்கிற்று. கேமராவின் சொந்தக்காரர்கள் ஒன்றும் அறியார்கள். திருடனைப் பிடிக்க மாட்டிய கேமரா திருடனுக்குக் கூலி வேலை செய்தது! கிணற்று மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் ஸ்டார்ட்டருக்கும் இது பொருந்தும். அதனோடு வந்த குறியீட்டை மாற்றாமல் விடாதீர்கள். விவசாயிகளுக்கு வாட்ஸப்பில் பி.எம். கிசான் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்புகளை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. உதவித்தொகை அவ்வழியே வருவதில்லை, போவதுதான் உண்டு.

அவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தது மனைவியிடம் சொல்லத்தான். 1930 என்ற எண்ணுக்கு அன்றிரவே பேசிவிட்டேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் எட்டினால் அதை நிறுத்தி வைக்க வழியுண்டு. எனக்கு ஒரு பகுதி சில மாதங்கள் கழித்துத் திரும்பிற்று.

முத்துக் குளிப்பு நம் கடலில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. குளிப்பவர் இடுப்புக் கயிற்றை மேலே மைத்துனரே பிடிப்பார் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கை வாழ்வு கையில் இருப்பதால் அவர் கயிற்றை விடமாட்டாராம். வைஃபையில் சேரும்போதெல்லாம் நம் கயிற்றை எவரோ ஒருவர் கையில் கொடுக்கிறோம். அவர் யாரென்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

மேசையின்மேல் ஒரு ரூட்டர் வைக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றும் விதத்தையும், விருந்தினர் இணைப்பைத் தனியே அமைக்கும் விதத்தையும் எங்கள் உதவியாளர் செய்து காட்டுவார். பின்னர் உங்களில் ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள். உப்பளத்திலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் முதலில் வரட்டும். அவர்களுக்கு நான்கு மணிக்குப் பேருந்து.