தொன்மையும் சான்றும்



தமிழ் கற்பிக்கும் நான் பழம்பாடல் ஒன்றைப் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதனினும் பழையதோர் ஏட்டைப் பற்றிப் பேச விழைகிறேன். அவ்வேடு பாறை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த சிர்க்கான் மணி ஒன்றின் அகவை ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள். மணல்துகள் போன்ற அது, உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். காரீயத்தைப் பெரும்பாலும் விலக்கும். யுரேனியம் மாறா வேகத்தில் காரீயமாகச் சிதைவதால், இரண்டின் விகிதமே அகவையைச் சொல்லிவிடுகிறது. அதன் ஆக்சிஜன் அணுக்களை அளந்தோர், அன்றே புவியில் நீர் இருந்திருக்கலாம் என 2001ஆம் ஆண்டில் உரைத்தனர். அவ்வாறே, பழம்பாறைகளில் உள்ள கந்தகத்தைக் கொண்டு, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை காற்றில் ஆக்சிஜன் இல்லை எனலாம் என்கின்றனர். மறைந்த காற்றின் வரலாற்றையும் கல் காத்து வைத்திருக்கிறது!

ஆயினும் கல் தானே பேசுவதில்லை. அதற்கும் உரைகாரர் வேண்டும். உரைகாரர் முரண்படுவதும் உண்டு.

கிரீன்லாந்தின் இசுவாவில் ஏறத்தாழ 370 கோடி ஆண்டுப் பாறைகள் உள்ளன. அவற்றில் சிறு கூம்பு வடிவங்களைக் கண்ட ஆலன் நட்மன் குழுவினர், அவை நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காய்க் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் என 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர். உலகம் வியந்தது. அபிகெயில் ஆல்வுட் குழுவினர் அவ்விடத்திற்கே சென்று, பாறையின் பிற பக்கங்களையும் நோக்கினர். ஒரு முகத்தில் கூம்பாகத் தோன்றியவை உள்ளே நீண்ட முகடுகளாய் ஓடின. அழுத்தத்தால் பாறை நெளிந்ததன் விளைவே அது, உயிரின் தடமன்று என 2018ஆம் ஆண்டில் எழுதினர். முன்னவர் தம் கருத்தைக் கைவிடவில்லை.

ஆல்வுட் தொன்மையை மறுக்கும் மனத்தினர் அல்லர். ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 343 கோடி ஆண்டுப் பாறைகளில் உயிரின் தடத்தை 2006ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவரே அவர். அங்கு ஏழு வகை வடிவங்கள், சுமார் 10 கிலோமீட்டர் நீளத்தில், ஒன்றற்கொன்று சான்றாய் நின்றன. ஒரு முகம் கண்டு முடிவு கட்டவில்லை அவர்.

அன்பர்களே, நாமும் தொன்மையில் பெருமிதம் கொள்வோர். ஒரு நூலின் காலத்தை முன்னே கொண்டுசெல்லும் சான்றை மாலையிட்டு வரவேற்கிறோம். பின்னே தள்ளும் சான்றைப் பகையெனக் காண்கிறோம். ஓர் அடியை மட்டும் பிரித்தெடுத்துக் காலம் கணிப்பது, பாறையின் ஒரு முகத்தை மட்டும் பார்ப்பதே ஆகும். சொல், இலக்கணம், பிற நூல்களின் சான்று என எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தபின் நிலைக்கும் தொன்மையே நமக்கு அணி. இருபது கோடி ஆண்டு குறைந்தாலும் ஐயமற நின்றால் அதன் பெருமை குறைவதில்லை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம், மாற்றுரை கூறுவோர்க்கும் மேடை தரும் வட்டமாக வளர்க என வாழ்த்தி அமைகிறேன்.