கொடைக்கானலுக்கு ரோடு இல்லாத காலம்

மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறினா, நாலு மணி நேரத்துல கொடைக்கானல் குளிர்ல போய் இறங்கிடலாம். ரோடு போடுறதுக்கு முன்னாடி, அங்க போக ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆச்சு. சுமக்க ஆளும் வேணும்.

1985 வரைக்கும் கொடைக்கானல் மதுரை மாவட்டம்தான். 1821-ல வார்டுங்கிற சர்வே அதிகாரி பழனி மலைய அளக்க ஏறினப்பவே, அங்க பளியர் பழங்குடிங்க இருந்தாங்க. கீழேருந்து போய் வெள்ளாமை செஞ்ச குன்னுவர் இருந்தாங்க. 1834-ல மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிங்கள, காலராவும் காய்ச்சலும் பாடாப் படுத்துச்சு. சிறுமலையில தங்கிப் பாத்தாங்க. அங்கயும் காய்ச்சல் விடல. கடைசியா 1845-ல கொடைக்கானல்ல சன்னிசைடு, ஷெல்டன்னு ரெண்டு பங்களா கட்டினாங்க.

பங்களா வந்துருச்சு. ரோடு வரல. 1870-கள்ல ரயில் வந்த பிறகும் பாதி வழிதான் சுலபமாச்சு. அம்மையநாயக்கனூர்ல, அதான் இன்னைக்குக் கொடைரோடு ஸ்டேஷன், இறங்கி ராத்திரியெல்லாம் மாட்டு வண்டி. பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துல கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அங்கேருந்து மேல, ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஒத்தையடிப் பாதை. துரைமாருக்குக் குதிரை, பொம்பளைங்க பிள்ளைங்களுக்கு டோலி. டோலி, டிரங்குப் பெட்டி, படுக்கை, பாத்திரம், எல்லாம் ஏறினது கூலியாளுங்க தோள்லயும் தலையிலயும்தான்.

1910-கள்ல லாஸ் காட் ரோடு வந்துச்சு. மோட்டார் வண்டி ஏறினதும் ஒத்தையடிப் பாதைக்கு மவுசு போச்சு. ரோடு போட்டவர் பேரு ரோட்டுலயே இருக்கு. 1872-ல கொடைக்கானல்ல நடைபாதை அமைச்ச கோக்கர் பேரு 'கோக்கர்ஸ் வாக்'ல இருக்கு. சுமந்தவங்க பேரு எந்தப் பலகையிலயும் இல்ல.

அந்த மலையில இன்னொரு பழம்பாதையும் உண்டு. கும்பக்கரை அருவிகிட்ட தொடங்கி, வெள்ளகெவி கிராமம் வழியா, டால்பின் நோஸ் தாண்டி வட்டக்கானலுக்குப் போகுது. வட்டக்கானல்ல இன்னைக்கு முதுகுப் பையோட திரியுற வெளிநாட்டுப் பசங்க நிறைய. ராணுவ சேவை முடிச்ச இஸ்ரேல் இளைஞர்கள், குறைஞ்ச வாடகையில வாரக்கணக்கா தங்குவாங்க. அவங்களுக்கு ரோடு இல்லாத பாதைதான் சுகம். பல தலைமுறையா ரோடு இல்லாமலே வாழ்ந்த வெள்ளகெவிக்காரங்களுக்கு, ரேஷன் அரிசி குதிரையில வர வேண்டியிருந்துச்சு, நோயாளி டோலியில போக வேண்டியிருந்துச்சு.

நீங்களும் குறைஞ்ச செலவுல இந்த மலையில நடக்க ஆசைப்படலாம். ஆனா 2018-ல தேனி மாவட்டக் குரங்கணி காட்டுத் தீயில மலையேறப் போன பலர் செத்தாங்க. அதனால வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க. வெள்ளகெவிக்குள்ள செருப்பைக் கழட்டிடுங்க, ஊர் வழக்கம் அது. வழி காட்ட, சுமை தூக்க உள்ளூர் ஆளைக் கூப்பிடுங்க. ரூம்ல மிச்சம் பிடிங்க, சாப்பாட்டுல மிச்சம் பிடிங்க. அந்த மனுஷனோட கூலியில மட்டும் பேரம் பேசாதீங்க.